பனியன் வேலை குறைந்துவிட்டது. வாரம் 1,000 ரூபாயில் ஐந்து பேருக்கு வயிறு நிறைய என்ன சமைப்பது?

பிசிறுநூல் (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டைலர், பீஸ் ரேட். ஆர்டர் இருந்தபோது சனிக்கிழமைச் சம்பளம் ஐயாயிரத்துக்குக் குறையாது. இந்த மூன்று மாதமாக வாரத்தில் மூன்று நாள் வேலை, மிஞ்சினால் நாலு நாள். நான் வீட்டிலேயே உட்கார்ந்து, தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிறேன். அந்தக் காசு குழுக் கடனுக்குப் போய்விடும். வாடகை, கரண்டு, சிலிண்டர் எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மளிகை, காய், பால், முட்டை எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 1,000 ரூபாய்தான் கையில் நிற்கிறது.

வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. பெரியவள் எட்டாவது, சின்னவன் மூன்றாவது, இருவரும் அரசுப் பள்ளி. ரேஷனில் எங்கள் கார்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம், துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரையும் உண்டு.

இப்போது செய்வது இதுதான். காலையில் கடை மாவு வாங்கி தோசை. மத்தியானம் சாதம், சாம்பார். ராத்திரி அதே சாதம், ரசம், சில நாள் அப்பளம். சின்னவன் காலையும் மத்தியானமும் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுவிடுகிறான். பெரியவள் டப்பாதான் கொண்டுபோவாள். வீட்டுக்காரருக்கும் டப்பா. மாமியாருக்கு இரண்டு தோசை, மத்தியானம் கொஞ்சம் சாதம்.

என்ன பிரச்சினை என்றால், பிள்ளைகள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பது மணிக்கு மறுபடி பசிக்கிறது என்கிறார்கள். சாயங்காலம் நாலரைக்கு வந்ததும் பத்து ரூபாய் தீனிப் பாக்கெட் ஆளுக்கு ஒன்று. அதுவே வாரத்துக்கு நூறு ரூபாயைத் தாண்டுகிறது. ரேஷன் அரிசியில் ஒரு வாடை அடிக்கிறது, அதோடு பிளாஸ்டிக் மாதிரி மணிகள் கிடக்கின்றன. அதைப் பொறுக்கி எறியவே தினமும் அரை மணி நேரம் போகிறது. சாம்பாரில் தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது. என்ன செய்யலாம், சொல்லுங்க.

மாசிவீதி (மதுரை)

அக்கா, ஒரு சின்ன யோசனை. காய் வாங்க உழவர் சந்தைக்குக் கலையப்போகும் நேரத்தில் போங்கள். மிச்சத்தைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனது வராது, கூறு போட்டுத் தருவார்கள். நான் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த நாலு வருடமும் அப்படித்தான் ஓட்டினேன். கத்தரிக்காயை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், ஓட்டை இருக்கும்.

அப்புறம் கருவாடு. ஐம்பது ரூபாய்க்கு நெத்திலிக் கருவாடு வாங்கினால் இரண்டு குழம்புக்கு வரும். வெந்நீரில் போட்டு மணலை அலசிவிட்டு, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு வைத்தால் அன்றைக்கு வேறு தொடுகறியே வேண்டாம்.

பாமாயிலை மட்டும் நிறுத்திவிடுங்கள், உடம்புக்கு ஆகாது.

அடுப்படி (கோபி)

பிசிறுநூல் கண்ணு, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் சத்துணவு மையத்தில் 22 வருடம் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் தறி ஓட்டினார். தறி நின்ற வருடங்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அந்த அரிசி. நீ பொறுக்கி எறிவது பிளாஸ்டிக் இல்லை சாமி. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து மறுபடி அரிசி மணி மாதிரியே அச்சில் வார்த்து, 100 கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில் சேர்க்கிறார்கள். 2023இல் தமிழ்நாட்டில் எல்லா ரேஷன் கடையிலும் இந்த அரிசியைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் மஞ்சளாக, சில மணி தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கும். காசு கொடுத்தாலும் கிடைக்காத சத்தை அரை மணி நேரம் செலவழித்து எறிந்துகொண்டிருக்கிறாய். நாளையிலிருந்து நிறுத்திவிடு. களையும்போது மிதக்கிறதைக் கொட்டிவிடாமல் கையால் தடுத்துக்கொள். வாடைக்கு, அரிசியை ஒரு வெயில் காயவைத்துப் புடைத்து வை. சமைக்கும் முன் இரண்டு தண்ணீர் களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் மாற்று. முக்கால்வாசி போய்விடும்.

அடுத்து, பிள்ளைகளுக்கு ஏன் ஒன்பது மணிக்குப் பசிக்கிறது? சாதமும் தண்ணீர்ச் சாம்பாரும் ரசமும் வயிற்றை நிரப்பும், ஆனால் நிற்காது. நிற்கவேண்டும் என்றால் பயறு வேண்டும். உன் சமையலில் பயறே இல்லை. ஒரு கிலோ துவரம்பருப்பை முப்பது நாளைக்கு இழுக்கிறாய், அவ்வளவுதான். கொள்ளு, தட்டைப்பயறு, கருப்புக் கொண்டைக்கடலை மூன்றும் வாரத்துக்கு அரை அரைக் கிலோ, அதோடு கால் கிலோ நிலக்கடலை வாங்கு. இங்கே எங்கள் ஊர் விலைக்கு நாலும் சேர்த்து 190 ரூபாய் ஆகும். வாரத்தில் எந்த நாளும் பயறு இல்லாமல் அடுப்பு எரியக்கூடாது.

கொள்ளை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன், இது எங்கள் கொங்குப் பக்கம் எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்ததுதான், இடையில் மறந்துபோய்விட்டோம். கால் கிலோ கொள்ளை முறத்தில் புடைத்து, வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறு. ஆறியதும் தண்ணீர் விட்டுக் கல் அரித்துவிட்டு ராத்திரி ஊறப்போடு. காலையில் ஊறின தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் தாராளமாக விட்டு, உப்புப் போடாமல் குக்கரில் ஏழெட்டு விசில். விரலில் எடுத்து நசுக்கினால் மாவாகப் போகவேண்டும். வெந்த தண்ணீரைத் தனியாக வடித்து வை, அதுதான் ராத்திரி ரசம். புளி கொஞ்சமாகக் கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ஒரு கொதி. வெந்த கொள்ளில் பாதியைச் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி விதை வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் மத்தியானத்துக்குக் கொள்ளுப்பருப்பு. சூடான சாதத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டால் வேறு ஒன்றும் தேடாது. மீதிப் பாதியைக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து வை. நாலரை மணிக்குப் பிள்ளைகள் வரும்போது கிண்ணத்தில் போட்டுக்கொடு. ஒரு தடவை அடுப்பு மூட்டினதில் மூன்று வேலை முடிந்தது பார். பாக்கெட் காசு நூறு ரூபாய் மிச்சமாகும்.

அப்படியே தட்டைப்பயறும் கத்தரிக்காயும் குழம்பு. கொண்டைக்கடலை ஒரு நாள் புளிக்குழம்பு, ஒரு நாள் சுண்டல்.

அரிசிக் கணக்கைப் பார். 20 கிலோவை 30 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 650 கிராம் சொச்சம். நாங்கள் மையத்தில் ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை பிள்ளைக்கு 100 கிராம், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் என்று அளந்து போடுவோம். அந்தக் கணக்கில் உன் வீட்டுக்கு மத்தியானம் 300, ராத்திரி 350 என்று வைத்தால் சரியாக முடிந்துவிடும். காலைக்கு அரிசி மிஞ்சாது. ஆனால் கடை மாவு வாங்குவது கட்டுப்படியாகாது. வாரத்தில் மூன்று நாள் ராகி வை: களி, அடை, கூழ் எதுவானாலும். அடைக்கு முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து தட்டு. கீரைக்கு நீ காசு கொடுக்கவேண்டாம், எந்த லைன் வீட்டு முனையிலும் ஒரு முருங்கை மரம் நிற்கும். அரிசி கொஞ்சம் மிஞ்சுகிற வாரத்தில் மட்டும் மாவு ஆட்டு. ரேஷன் புழுங்கல் நாலு டம்ளருக்கு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு கரண்டி. இந்த அரிசிக்கு இட்லி நன்றாகவே வரும். ராத்திரிச் சாதம் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வை, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும்.

எண்ணெய்க்கு மதுரைத் தம்பி சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. 25 ரூபாய்க்குக் கிடைக்கிறதை நிறுத்திவிட்டு எங்கே போவாள்? அளவாக ஊற்று, அப்பளம் பொரிப்பதை விடு, பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதே. கடலெண்ணெய் கால் லிட்டர் வாங்கித் தாளிக்க மட்டும் வைத்துக்கொள். வேலை திரும்பின பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கு இப்படி வரும்: பயறுக்கு 190, ராகி இரண்டு கிலோ 100, பத்து முட்டை 65, பால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று 140, காய்க்கு 200, வெங்காயம் தக்காளி 100, புளி மிளகாய் மல்லி உளுந்துக்கு 100. தொள்ளாயிரத்துக்கு ஐந்து ரூபாய் குறைவு. மிச்சத்தில் கருவாடோ, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அரைக் கிலோ கோழியோ. கோழி எடுத்தால் உருளைக்கிழங்கு நாலு சேர்த்துப் போடு.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார், மாமியார் என்ன, பிள்ளைகள் என்ன என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று எங்கேயும் இல்லையே கண்ணு?

பிசிறுநூல் (திருப்பூர்)

அம்மா, நீங்க கேட்டதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுத வரவில்லை.

எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவேன். இல்லாத நாள் டீ. காலையில் பெரும்பாலும் டீயும் பன்னும்தான். பிசிறு வெட்டிக்கொண்டே இருக்கும்போது சில நேரம் கண் இருட்டிக்கொண்டு வரும், கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்துகொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அரிசி விஷயம் தெரியவே தெரியாது. இரண்டு வருடமாகப் பொறுக்கி எறிந்திருக்கிறேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுப்படி (கோபி)

இதைத்தான் பயந்தேன். நாளைக் காலையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பரிசோதித்துக்கொள். காசு கிடையாது. ரத்த அளவு குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அத்தைக்கும் சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறதா என்று அங்கேயே விசாரி.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே. கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. கொள்ளுப்பருப்பிலோ கீரையிலோ எலுமிச்சை நாலு சொட்டுப் பிழிந்துகொள், அது நல்லது.

பரிமாறும்போது ஐந்து தட்டு வை. ஐந்திலும் ஒரே நேரத்தில் போடு. உன் தட்டில் போட்டதை மறுபடி எடுத்து யாருக்கும் வைக்காதே. சட்டியில் மிஞ்சுகிறதா என்று பார்ப்பது அதற்குப் பிறகு. மையத்தில் ஆயாவும் நானும் கடைசியில் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்றே பல வருடம் ஓட்டினோம். அறுபதைத் தாண்டியதும் முழங்கால் நிற்கவில்லை, ரத்தமும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நீ அப்படி ஆகவேண்டாம்.

பெரியவள் டப்பா கொண்டுபோகிறாள் என்றாயே, பள்ளிக்கூடத்தில் சாப்பாடு இருக்கும்போது ஏன்?

பிசிறுநூல் (திருப்பூர்)

கூச்சமுங்கம்மா. அவளோடு சுற்றுகிற மூன்று பிள்ளைகள் டப்பா கொண்டுவருகிறார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறாள். அவளை அடித்தெல்லாம் அனுப்ப எனக்கு மனதில்லை.

அடுப்படி (கோபி)

அடிக்காதே, அடிக்கவே அடிக்காதே. எட்டாவது படிக்கிற வயதுப் பெண்ணுக்கு அந்தக் கூச்சம் வருவது இயற்கை. 22 வருடத்தில் நூறு பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கூட்டம் குறைந்ததும் வருவார்கள். நான் ஒரு முட்டையை எடுத்து ஒதுக்கி வைத்திருப்பேன்.

அவளிடம் முட்டைக் கணக்கைச் சொல்லிப் பார். பள்ளிக்கூட நாளில் தினமும் ஒரு முட்டை, வாரத்துக்கு ஐந்து. அதை வீட்டில் வாங்கினால் என்ன விலை என்று அவளையே போடச் சொல். டப்பாவையும் நிறுத்தாதே. டப்பாவில் பயறோ கடலையோ போட்டு அனுப்பு. சாதத்தை அங்கே வாங்கிக்கொண்டு வந்து தோழிகளோடு உட்கார்ந்து டப்பாவைத் திறக்கட்டும். தட்டு மட்டும் தனியாகத் தெரிகிறதுதான் அவளுக்குச் சங்கடம். டப்பாவும் பக்கத்தில் இருந்தால் அது குறையும்.

ராகிக்கல் (தருமபுரி)

எங்கள் மாவட்டத்தில் 2023லிருந்து ரேஷனிலேயே அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம், நீலகிரியிலும் உண்டு. உங்கள் பக்கம் இல்லாததால் வெளியில்தான் வாங்கவேண்டும். மாவாக வாங்காதீர்கள், முழு ராகி வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் அரையுங்கள். விலையும் குறையும், மாவும் பழசாக இருக்காது.

களி கட்டி தட்டாமல் வர: ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதிக்கும்போது வெந்த சாதம் ஒரு கைப்பிடி போட்டுக் குழைய விடுங்கள். மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி மட்டும் போட்டுத் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் மூடுங்கள். அப்புறம் இறக்கி வைத்து, பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு ஒரே பக்கமாகக் கிளறவேண்டும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை.

மாமியாருக்குச் சர்க்கரை என்றீர்கள். ராகி சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்லும். நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுதான். பெரிய உருண்டையாக வைத்துவிடாதீர்கள். சின்ன உருண்டை, கூட கீரைக் கடைசல் நிறைய. என் அப்பாவுக்கு இப்படித்தான் கொடுக்கிறோம்.

மாசிவீதி (மதுரை)

எண்ணெய் விஷயத்தில் அம்மா சொன்னது சரிதான். நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். தனி ஆள் கணக்கு வேறு, ஐந்து பேர் கணக்கு வேறு.

பிசிறுநூல் (திருப்பூர்)

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றிங்க.

ரத்தம் பார்த்தேன். ஒன்பதுக்குக் கீழே இருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

கொள்ளு முதல் நாள் கசந்துவிட்டது, வறுக்கும்போது கருக விட்டுவிட்டேன் போல. இரண்டாவது தடவை சரியாக வந்தது. சின்னவனுக்குச் சுண்டல்தான் பிடித்திருக்கிறது, அவன் கிண்ணத்தை முடித்துவிட்டு அக்கா கிண்ணத்தில் கை வைக்கிறான். பாக்கெட் வாங்கி எட்டு நாள் ஆகிறது. ராத்திரிக்கு மூன்று நாள் அரிசியும் பருப்பும் செய்தேன். எங்கள் அம்மா வைக்கிற மாதிரி மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகு சீரகம். புழுங்கலாக இருப்பதால் தண்ணீர் பதின்மூன்று டம்ளர் விட்டேன், குழைவாக வந்தது. ஒன்பது மணிக்கு யாரும் அடுப்படிப் பக்கம் வரவில்லை.

பெரியவள் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை மட்டும் முட்டை வாங்கிச் சாப்பிட்டாளாம். அதுவும் தம்பி போய்ச் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

ரத்தம் குறைவு என்று தெரிந்ததும் அத்தை கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இப்போது பரிமாறுவது அவர்தான். முதல் தட்டு எனக்கு வைக்கிறார். நான் உட்கார்ந்தால்தான் மற்றவர்களுக்கு.

ஒரு சந்தேகம் அம்மா. மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு கிலோ தட்டைப்பயறு சேர்த்து வாங்கிவிட்டேன். நேற்று டப்பாவைத் திறந்தால் நாலைந்து வண்டு ஓடுகிறது. அவ்வளவையும் கொட்டவேண்டுமா?

அடுப்படி (கோபி)

கொட்டாதே கண்ணு. இன்றைக்கே மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து மெல்லியதாகப் பரப்பு, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயட்டும். சூடு ஏறினால் வண்டு தானாக ஓடிவிடும். அப்புறம் புடைத்து, ஓட்டை விழுந்ததை மட்டும் எடுத்துப் போடு. நன்றாக ஆறினபிறகு டப்பாவில் வை, சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நடுநடுவே வரமிளகாய் நாலும் காய்ந்த வேப்பிலை ஒரு கொத்தும் போடு. அடுத்த முறை வாங்கும்போது மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்கு, மழைக்காலம் வருகிறது.

அத்தைக்கு என் வணக்கம் சொல்.